மங்கள வார்த்தைத் திருநாளும் மக்களின் நாளாந்த வாழ்வும்

கிறித்தவர்களின் பெருநாள்கள் எவை என்று வினவினால், பிற சமயத்தார் நத்தாரையும் பெரிய வெள்ளியையும் உயிர்த்த ஞாயிறையும் கூறி அமைவர். நத்தாருக்கு விளக்கும் வாணமும் புத்தாடையும் உண்டு. பெரிய வெள்ளிக்குத் துக்கமும் உபவாசமும் உண்டு. மார்ச் மாதம் 25ஆம் நாளில் வரும் மங்கள வார்த்தைத் திருநாளுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. பங்குனி வெயிலில், தபசுகாலத்தின் நடுவே, ஆரவாரமின்றி வந்து ஆரவாரமின்றிப் போகும் நாள் அது. ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. வயற் குத்தகையிலும், வீட்டு வாடகையிலும், ஆண்டுக் கணக்கிலும், நாளொன்றுக்கு மும்முறை ஒலிக்கும் மணியிலும் இத்துணை ஆழமாகப் புகுந்த திருநாள் கிறித்தவ உலகில் வேறு அதிகம் இல்லை.

இந்நாள் நினைவுகூரும் நிகழ்ச்சி லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் உள்ளது. கலிலேயா நாட்டிலே நாசரேத்து என்னும் ஊர்; யோசேப்பு என்னும் தச்சருக்கு மண ஒப்பந்தம் செய்யப்பட்ட மரியாள் என்னும் கன்னிப் பெண்; அவளிடம் கபிரியேல் சம்மனசு வந்து, அவள் வயிற்றில் தேவகுமாரன் பிறப்பார் என்று அறிவிக்கிறார். அவள் கலங்குகிறாள், இது எப்படி ஆகும் என்று வினவுகிறாள், பின்பு இசைகிறாள். நிகழ்ச்சி இவ்வளவே. அரண்மனை இல்லை, ஆலயம் இல்லை, சாட்சிக்கு ஒருவரும் இல்லை. நாசரேத்தோ பழைய ஏற்பாட்டில் ஓரிடத்திலேனும் பெயர் சொல்லப்படாத சிற்றூர். அவ்வூரிலிருந்து நன்மை ஏதும் வருமோ என்று ஒருவர் கேட்டதாக யோவானின் சுவிசேஷம் குறிப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சம்மனசு வந்த வேளையில் மரியாள் என்ன செய்துகொண்டிருந்தாள்? லூக்கா அதைச் சொல்லவில்லை. சொல்லாது விட்ட அந்த இடத்தை நிரப்புவதிலேயே பிற்கால மக்களின் மனம் நன்கு புலனாகின்றது. யாக்கோபின் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்று உண்டு. திருச்சபை அதனை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆயினும் கீழைத்தேயக் கிறித்தவர் அதனைப் பெரிதும் விரும்பினர். அந்நூலின்படி, குடம் எடுத்துத் தண்ணீர் மொள்ளப் போனபோதே அவள் முதற்குரலைக் கேட்டாள். அஞ்சி வீடு திரும்பி, ஆலயத் திரைச்சீலைக்கென நூல் நூற்க அமர்ந்தபோது சம்மனசைக் கண்டாள். இதனாலேயே கிரேக்கத் திருவுருவங்களில் அவள் கையில் நூலும் கதிரும் காணப்படும். நாசரேத்தில் இன்றும் இரண்டு ஆலயங்கள் இந்நிகழ்ச்சிக்கு உரிமை பாராட்டுகின்றன. கத்தோலிக்கரின் பேராலயம், மரியாளின் வீடு எனக் கருதப்படும் குகையின்மேல் நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1969இல் அபிஷேகம் பண்ணப்பட்டது. கிரேக்கரின் கபிரியேல் ஆலயமோ ஊரின் பழைய நீரூற்றின்மேல் நிற்கிறது. வீடா, ஊற்றா என்று அறிஞர் வாதாடட்டும். குடமும் கதிருமாக அவளைக் கண்ட பழைய கிறித்தவரின் உள்ளம் தவறிப் போகவில்லை. தண்ணீர் எடுக்கும் பெண்ணையும் நூல் நூற்கும் பெண்ணையும் அவர்கள் தம் வீடுகளில் நாள்தோறும் கண்டவர்கள்.

மேல்நாட்டு ஓவியர் வேறுவிதமாக எண்ணினர். அவர்கள் அவள் கையில் ஒரு நூலைக் கொடுத்தனர். அது நூற்கும் நூலன்று, படிக்கும் நூல். பெண்கள் எழுத்தறிவது அரிதாயிருந்த காலத்திலே, ஏழைத் தச்சனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் படித்துக்கொண்டிருப்பவளாகத் தீட்டியமை சிறிய காரியமன்று. புளோரன்சு நகரில் புனித மாற்கு மடத்தின் சுவரிலே பிரா அஞ்செலிக்கோ என்னும் துறவி 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய மங்கள வார்த்தைச் சித்திரம் உலகறிந்தது. அது கோவிற் பீடத்தில் இல்லை. துறவிகள் தத்தம் அறைகளுக்கு ஏறிச் செல்லும் படிக்கட்டின் உச்சியில் இருக்கிறது. இவ்வழியே போவோர் மரியாளுக்குரிய வாழ்த்தைச் சொல்ல மறவாதிருக்க வேண்டும் என்னும் கருத்துள்ள வாசகமும் அதன் அடியில் எழுதப்பட்டுள்ளது. ஒரு நாளில் எத்தனைமுறை படியேறுகிறாரோ அத்தனைமுறையும் அத்துறவிக்கு அது திருநாள் ஆயிற்று.

இனி, இத்திருநாள் எப்போது தோன்றியது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 6ஆம் நூற்றாண்டில் கொன்சுதாந்திநோப்பிளில் இது கொண்டாடப்பட்டமைக்குச் சான்று உண்டு. றோமாபுரியில் 687 முதல் 701 வரை பாப்பரசராயிருந்த முதலாம் செர்ஜியுசு, சிரியக் குடிவழியினர், இந்நாளுக்குப் பவனி ஏற்படுத்தினார். நாளைத் தெரிந்தமைக்குக் காரணம் வெளிப்படையானது: திசெம்பர் 25க்கு ஒன்பது மாதம் முன்னே எண்ணினால் மார்ச் 25 வரும். யூலியசு சீசரின் பஞ்சாங்கத்தில் பகலும் இரவும் ஒத்த இளவேனில் நாள் அதுவே என்பதும் கருதத்தக்கது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மகிழ்ச்சித் திருநாள் ஒன்று தபசுகாலத்தின் நடுவே விழுந்தால் என் செய்வது? இசுப்பானியாவில் 656ஆம் ஆண்டு தொலேதோவிற் கூடிய சங்கம், துக்க காலத்தில் இது வேண்டாவென்று திருநாளைத் திசெம்பர் 18க்கு மாற்றியது. கீழைத் திருச்சபையோ 692ஆம் ஆண்டுச் சங்கத்தில் வேறுவழி கண்டது. தபசுகாலத்து வார நாள்களில் முழுப்பூசை கூடாது. இந்நாளுக்கு மட்டும் விலக்கு உண்டு என விதித்தது. கிரேக்க நாட்டார் இன்றும் இந்நாளில் உபவாசத்தைச் சிறிது தளர்த்தி, உப்பிட்ட மீனைப் பொரித்து வெள்ளுள்ளிக் குழம்புடன் உண்பர். துருக்கர் ஆட்சிக்கெதிராக 1821இல் எழுந்த விடுதலைப் போரையும் அவர்கள் இதே நாளில் நினைவுகூர்கின்றனர். 1838 முதல் அது அரச விழா. மேற்குத் திருச்சபையில், பெரிய வாரத்தில் இந்நாள் அகப்பட்டால் உயிர்த்த ஞாயிற்றின் எட்டு நாள் கழித்துத் திங்களன்று கொண்டாடப்படும். 2024இல் அவ்வாறே ஏப்பிரல் 8இல் கொண்டாடப்பட்டது. சிலவேளை பெரிய வெள்ளியே மார்ச் 25இல் வருவதுண்டு. 1608இல் அவ்வாறு நேர்ந்தபோது ஆங்கிலப் புலவர் யோன் டன் அதனை ஒரு கவிதைப் பொருளாக்கினார். அண்மையில் 2005லும் 2016லும் நேர்ந்தது. இலைப்சிக் நகரில் தபசுகாலத்தில் கோவிலிசை பெரும்பாலும் நின்றுவிடும்; இத்திருநாளுக்கு மட்டும் அனுமதி உண்டு. 1725ஆம் ஆண்டு மார்ச் 25இல் யொகான் செபத்தியான் பாக்கு அவ்வனுமதியைப் பயன்படுத்தி விடிவெள்ளியைப் பொருளாகக் கொண்ட இசைத்தொகுதியொன்றைப் படைத்தளித்தார். சுவீடன் மக்களோ இந்நாளின் பெயரை வாய்மொழியிற் சிதைத்து, அச்சிற் சுடும் ஒருவகை மாப்பண்டத்தின் நாளாக்கி விட்டனர்! பெயர் மயக்கத்தால் ஒரு பலகாரம் பிறந்த கதை வேறு எந்த நாட்டில் உண்டோ?

தேவகுமாரன் மனுவுருவெடுத்த நாளே புதுயுகத்தின் முதல்நாள் என்று கருதியமையால், பல நாடுகளில் ஆண்டும் மார்ச் 25இலேயே பிறந்தது. புளோரன்சு நகரம் 1749 வரை இவ்வழக்கைக் கைவிடவில்லை. புகழ்பெற்ற குவிமாடத்தையுடைய அந்நகரத்துப் பேராலயத்தை 1436இல் அபிஷேகம் பண்ணியதும் இதே நாளில்தான். அயல்நகரமாகிய பீசாவும் மார்ச் 25இலேயே ஆண்டைத் தொடங்கியது. ஆனால் புளோரன்சு சனவரிக்குப் பின்வரும் மார்ச்சில் தொடங்க, பீசாவோ முன்வரும் மார்ச்சில் தொடங்கியது. ஆகவே இரண்டு ஊர்களின் ஆண்டெண்ணும் எப்பொழுதும் ஒன்று வேறுபட்டே நின்றது. இருநகர் வணிகரின் கடன்முறிகளைப் படிக்கும் வரலாற்று மாணாக்கர் இதனால் இன்றும் தலையைச் சொறிகின்றனர். இங்கிலாந்தும் 12ஆம் நூற்றாண்டு முதல் இம்முறையையே தழுவியது. முதலாம் சாள்சு மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டது நம் கணக்கில் 1649ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள். அக்காலத்து ஆங்கிலப் பதிவிலோ அது 1648. ஏனெனில் மரியன்னையின் நாள் இன்னும் வரவில்லை.

இங்கிலாந்திலே இத்திருநாளுக்கு வழங்கிய பெயரே மரியன்னை நாள் என்பது. அங்கேதான் இது உழைப்பாளியின் வீட்டுப்படியில் வந்து நின்றது. ஆண்டை நான்காகப் பகுத்து, மார்ச் 25, யூன் 24, செத்தெம்பர் 29, திசெம்பர் 25 என்னும் நான்கு திருநாள்களிலும் வாடகையும் குத்தகையும் இறுப்பது அந்நாட்டு வழமை. எழுத்தறியாக் குடியானவனுக்குத் தேதி தெரியாது, திருநாள் தெரியும். ஆகவே நிலக்கிழாருக்கும் குடியானவனுக்கும் பொதுவான பஞ்சாங்கம் கோவிலே ஆயிற்று. நான்கனுள்ளும் மார்ச் 25 தனிச்சிறப்புடையது. புதுப் பயிர்க்காலத்தின் வாயிலில் நின்றமையால், பல பகுதிகளில் பண்ணைக் குத்தகைகள் முடிவதும் தொடங்குவதும் அந்நாளிலேயே. கூலியாளின் ஓராண்டு ஒப்பந்தம் முடிவதும் அந்நாளில். குடிசையை விட்டு வெளியேறுவதும் அந்நாளில்.

1538ஆம் ஆண்டு எட்டாம் என்றி மன்னனின் ஆட்சியில் தோமசு குரொம்வெல் வெளியிட்ட கட்டளை, மரியாள் வாழ்த்துக்காகக் கோவில்மணி அடித்தலைத் தடைசெய்தது. மணி நின்றது. வாடகை நிற்கவில்லை. தாயின் பெயரால் செபம் சொல்லுதல் மூடபக்தி எனப்பட்ட நாட்டிலே, தாயின் பெயரால் குத்தகை கேட்டல் மட்டும் முந்நூறு ஆண்டு மேலும் நடந்தது. சமயச் சீர்திருத்தம் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்களில் இவ்வேறுபாட்டுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. கிடைத்திருக்க வேண்டியது அதனினும் பெரிது.

பஞ்சாங்கம் திருத்தப்பட்டபோது இந்த வாடகைநாளே சட்டமியற்றியோர்க்குத் தலைவலியாயிற்று. 1750ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. ஆண்டு இனிச் சனவரி முதலாம் நாள் பிறக்கும் என்றது. அதனால் 1751ஆம் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கித் திசெம்பர் 31இல், 282 நாள்களுடன் முடிந்தது. அடுத்து, 1752 செத்தெம்பர் 2க்கு மறுநாள் 14 என்றது. பதினொரு நாள் பஞ்சாங்கத்தில் மறைந்தன. மக்கள் தெருவில் இறங்கிப் பதினொரு நாளைத் திருப்பித்தரக் கேட்டுக் கலகம் விளைத்தனர் என்பது பள்ளிப் புத்தகங்களில் நெடுநாள் வழங்கிய கதை. இன்றைய ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. ஓகார்த்து என்னும் ஓவியர் தேர்தற் படம் ஒன்றில் எழுதிக் காட்டிய நையாண்டி வாசகமே கலகக் கதையாய் வளர்ந்தது என்பர். ஆயினும் ஏழையின் அச்சம் நகைப்புக்குரியதன்று. பதினொரு நாட் கூலி பெறாதவன் முழுக்காலத்துக்கும் வாடகை எப்படிக் கொடுப்பான்? சட்டம் இதனை உணர்ந்தே, பழைய ஒப்பந்தங்களின் தவணை இயற்கையான நாட்கணக்குப்படியே முடியும் என்று வகுத்தது. மார்ச் 25உடன் பதினொன்றைக் கூட்டினால் ஏப்பிரல் 5. அது பழைய மரியன்னை நாள் எனப்பட்டது. பிரித்தானிய இறைவரி ஆண்டு இன்றும் ஏப்பிரல் 5இல் முடிந்து 6இல் தொடங்குவது அதன் தடமே. இலண்டனில் வரிக்கணக்கு எழுதுவோருள் எத்தனைபேர் நாசரேத்துக் கன்னியை நினைப்பரோ அறியோம்.

பின்னும் நூறாண்டு கழிந்த நிலையைத் தோமசு ஆடி என்னும் நாவலாசிரியர் காட்டுகிறார். 1883இல் டோர்செற்றுப் பகுதிக் கூலியாளரைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்த அவர், மரியன்னை நாளில் ஊர்ப் பாதைகளிலே வண்டிக்குப்பின் வண்டியாகக் குடும்பங்கள் இடம்பெயரும் காட்சியை அதில் விவரித்தார். ஆண்டுதோறும் ஊர் மாறும் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பள்ளியும் மாறும். அண்டை வீடு மாறும். இறந்தோரின் கல்லறை மட்டும் பழைய ஊரிற் கிடக்கும். 1891இல் வெளிவந்த அவரது தெசு என்னும் நாவலில் இக்காட்சியே கதையின் முடிச்சாகிறது. மூன்று தலைமுறைக்கென எழுதப்பட்ட குடியிருப்புரிமை தந்தையின் மரணத்தோடு தீர்கிறது. பழைய மரியன்னை நாளிலே தாயும் பிள்ளைகளும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிப் புறப்படுகின்றனர். வழியெல்லாம் இவர்களைப்போலவே வேறு குடும்பங்களின் வண்டிகள். சேருமிடத்தில் பேசிவைத்த வீடு வேறொருவர்க்குப் போய்விட்டது. வண்டிக்காரன் சாமான்களைக் கோவிற் சுவரோரத்தில் இறக்கிவிட்டுப் போகிறான். கட்டிலை அச்சுவரின் அடியிலே நிறுத்தித் திரையிட்டுப் பிள்ளைகளை உறங்க வைக்கிறாள் தாய். சத்திரத்தில் இடம் கிடைக்காத மற்றொரு தாயை எண்ணாது இப்பகுதியைப் படித்தல் அரிது. ஆடி கோவில் வழிபாட்டில் ஈடுபாடு தளர்ந்தவர். அந்நாளின் பெயருக்கும் அந்நாள் செய்த கொடுமைக்கும் உள்ள முரணை விளக்கவும் அவர் முற்படவில்லை. வண்டியைக் காட்டி நின்றுவிட்டார். சம்மனசின் செய்தியைப் பெற்ற மரியாள், லூக்காவின் அதே அதிகாரத்தில், வலியோரை இருக்கையினின்று இறக்கி எளியோரை உயர்த்தும் கடவுளைப் பாடுகிறாள் என்பதை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை.

திருநாளின் பெயர் கணக்குப் புத்தகத்தில் ஏறிய கதை இது. அதன் பொருள் மக்களின் நாவில் ஏறிய கதை வேறு. அது மணியின் வழியாக நிகழ்ந்தது. கத்தோலிக்கர் திரிகால செபம் என வழங்குவது மங்கள வார்த்தையை நாள்தோறும் மும்முறை சொல்லும் செபமே. சம்மனசு அறிவித்ததும், மரியாள் இசைந்ததும், வார்த்தையானவர் மனுவுருவானதும் ஆகிய மூன்று நிலைகளையும் அது கூறும். ஒவ்வொன்றன்பின்னும் ஒருமுறை பிரியதத்த மந்திரம் சொல்லப்படும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருநாள் இவ்வாறு ஆண்டுக்கு ஆயிரம்முறைக்கு மேல் வருகிறது.

இவ்வழக்கம் ஒருவர் ஒருநாளிற் செய்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிசுக்கன் துறவிகளிடையே மாலைமணியோடு மரியாளை வாழ்த்தும் வழக்கம் பரவியது. பாப்பரசர் 22ஆம் அருளப்பர் 1318இல் மாலைச் செபத்துக்கு ஆசியளித்து, 1327இல் றோமாபுரியிலும் அதனை நிலைநாட்டினார். நண்பகல் மணியின் வரலாறு போரோடு தொடர்புடையது: 1456இல் துருக்கர் படை பெல்கிறேட்டை முற்றுகையிட்ட வேளையில், மூன்றாம் கலிஸ்து பாப்பரசர் நடுப்பகலிலும் மணியடித்துச் செபிக்கக் கட்டளையிட்டார். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்றும் நாளடைவில் ஒன்றுசேர்ந்தன. கடிகாரம் செல்வர் வீட்டிலும் அரிதாயிருந்த காலம் அது. குடியானவன் எழுந்ததும், உண்டதும், கருவியைக் கீழே வைத்ததும் மணியைக் கேட்டே. மணி மும்மூன்றாக மும்முறை அடித்து ஓயும். இடையில் விடும் அமைதியிலேதான் செபம். வேலையாளின் நாளிலே எசமானும் குறுக்கிடக்கூடாத சில நிமிடங்கள் அவை. உரிமை என்னும் சொல்லை அறியாதவனுக்கும் அவ்வளவு ஓய்வு மணியால் வாய்த்தது. பல ஊர்களில் அம்மணிக்குக் கபிரியேல் என்றே பெயர் பொறித்தனர்.

இதனை வண்ணத்தில் நிலைநிறுத்தியவர் பிரான்சு நாட்டு ஓவியர் சான் பிரான்சுவா மியே. நோர்மண்டியிலே குடியானவர் குடும்பத்தில் 1814இற் பிறந்தவர். 1857க்கும் 1859க்கும் இடையில் அவர் வரைந்த சித்திரத்தில் இருவர் நிற்கின்றனர். உருளைக்கிழங்கு அகழ்ந்த வயல், மண்ணிற் குத்திய முள்வாரி, கூடை, மூட்டையேற்றிய தள்ளுவண்டி, அடிவானத்தில் சிறு கோபுரம். ஆண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். பெண் கைகூப்பித் தலைகவிழ்ந்திருக்கிறாள். மணியை வரைய இயலாது. ஆயினும் அது காதில் விழுகின்றது. வயலில் வேலைசெய்தபோது மணியோசை கேட்டால் வேலையை நிறுத்தச்செய்து, இறந்த ஏழைகளுக்காகச் செபிக்கும்படி தம் பாட்டி தம்மைப் பழக்கியதை நினைந்தே இதனைத் தீட்டியதாக 1865இல் மியே எழுதினார். மியே கோவிலுக்கு ஒழுங்காகச் செல்பவரல்லர். பாட்டியின் பழக்கம் அவருடைய கையில் தங்கியிருந்தது.

படத்தை அவர் சொற்ப விலைக்கே விற்றார். 1875இல் அவர் இறந்தார். 1889இல் பாரிசு ஏலத்தில் அப்படம் 5,53,000 பிராங்குக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அதனினும் பெருந்தொகைக்குச் சொசார் என்னும் வணிகர் வாங்கிப் பின்னர் நாட்டுக்கு விட்டுச் சென்றார். இப்போது பாரிசில் ஓர்சே அரும்பொருட்சாலையில் இருக்கிறது. அப்பெருந்தொகையில் ஒரு காசும் ஓவியரின் குடும்பத்தைச் சேரவில்லை. கிழங்கு தோண்டும் ஏழையின் செபம் இலட்சக்கணக்கில் விலைபோகப் படைத்தவனின் வீட்டார் கைவிரித்து நின்றமை பிரான்சில் பெரும் பேச்சாயிற்று. படம் கைமாறுந்தோறும் ஓவியனுக்கோ அவன் வழியினருக்கோ ஒரு பங்கு சேரவேண்டும் என்று 1920இல் அந்நாடு சட்டம் செய்தமைக்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுகோலாய் இருந்தது.

மேல்நாட்டு மணியோசை தமிழ்நிலத்துக்கும் வந்தது. அந்திரிக் அந்திரிக்கசு அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், தமிழெழுத்தில் அச்சேறி இன்று நம் கையிலுள்ள முதல் நூல். பதினாறே பக்கம், கிறித்தவன் நாள்தோறும் சொல்லவேண்டிய செபங்களே அதன் பொருள். தமிழ் எழுத்துக் கோத்தவர்கள் முதன்முதற் கோத்தவற்றுள் நாசரேத்தில் சம்மனசு சொன்ன வாழ்த்தும் ஒன்று. அரபு நாட்டிலோ அச்செய்தி வேறொரு வேதத்தையும் அடைந்திருந்தது. திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயமும், மர்யம் அம்மையாரின் பெயரையே தாங்கிய பத்தொன்பதாம் அத்தியாயமும் இந்நிகழ்ச்சியைக் கூறும். லெபனான் நாடு 2010 முதல் மார்ச் 25ஐக் கிறித்தவர்க்கும் முசிலிம்களுக்கும் பொதுவான தேசிய விடுமுறை நாளாக்கியது இவ்வுறவினாலேயே.

ஈழத்தில் இவ்வாழ்த்துக்கு நேர்ந்த சோதனை தனித்துச் சொல்லத்தக்கது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருமாருக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. புதிய போதகர்கள் தமிழைப் புறக்கணித்தவரல்லர். பல்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிலே பரமண்டல மந்திரத்தைத் தமிழிலேயே காணலாம். ஆனால் அவர்களுடைய போதனையில் பரமண்டல மந்திரத்துக்கு இடமிருந்தது. பிரியதத்த மந்திரத்துக்கு இடமில்லை. ஆகவே கோவிலில் இருவருக்கும் பொதுவான செபம் ஒன்று; வீட்டிற் கதவடைத்துச் சொல்லும் செபம் மற்றொன்று. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, திருநாட் பவனியில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு ஒரு தலைமுறையே இவ்வாறு வளர்ந்தது. அக்காலத்தில் ஒருவர் கத்தோலிக்கரா அல்லரா என்பதைக் காட்டிய அடையாளங்களுள் சம்மனசின் வாழ்த்தைச் சொல்லி உருட்டும் செபமாலையும் ஒன்றாயிற்று.

1687இல் கோவையிலிருந்து யோசே வாஸ் என்னும் குருவானவர் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கூலியாளின் கந்தலாடை, கடற்பயணத்தால் மெலிந்து நோயுற்ற உடல். யாரிடம் தம்மை வெளிப்படுத்துவது? தவறானவரிடம் வாய்திறந்தால் அவருக்கு மட்டுமன்றி, இடம் கொடுத்தவர்க்கும் ஆபத்து. ஆகவே அவர் ஒன்றும் பேசவில்லை. செபமாலையைக் கழுத்திலே போட்டுக்கொண்டு, வீடுவீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். பிச்சை இடுவோரின் கண் எங்கே தங்குகிறது என்பதையே நோக்கினார். அறியாதார்க்கு அது ஏழையொருவன் அணிந்த மணிவடம். அறிந்தார்க்கோ அதன் முதல் தேவரகசியம் மங்கள வார்த்தை. கண் தங்கிய வீடுகள் சில கிடைத்தன. அவ்வீடுகளிலுள்ளோர் அவரைச் சில்லாலைக்கு வழிகாட்டினர். அங்கே இரவு நேரங்களில், கதவடைத்த வீடுகளிலே, மணியடிக்காமல், பூசை மீண்டும் தொடங்கியது.